ஓவர்லாக் மெஷினும் கைமாத்துப் பணமும்: கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்த ஒரு வழக்கு

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். கோர்ட் வளாகத்தில் பாரா லீகல் வாலண்டியர் என்பார்கள். வக்கீல் இல்லை. மனு எழுத உதவுவது, எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது, கூடப் போய் நிற்பது, இவ்வளவுதான் என் வேலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. கோர்ட் காகிதமெல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருப்பதால் பலர் முதல் படியிலேயே பயந்து திரும்பிவிடுகிறார்கள், அவர்களோடுதான் என் பொழுது போகிறது.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். பொருளையும் பணத்தையும் தந்தவரை 'கொடுத்தவர்' என்றும், வாங்கிக்கொண்டவரை 'வாங்கியவர்' என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முன்கதை

கொடுத்தவருக்கு நாற்பத்தாறு வயது, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே தையல். வாங்கியவர் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளப் பக்கத்தில் இருக்கிறார், அவரும் தையல்தான், வயது முப்பத்து மூன்று. கொடுத்தவருடைய ஓரகத்தியின் உடன்பிறந்த தங்கை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற உறவு. இடையில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதே பஸ் மாறும்போதுதான் நினைவுக்கு வரும்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1ஆம் தேதி கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்தன. அதற்கு முந்தின மாதமே வாங்கியவருக்கு இரண்டு பள்ளிகளின் யூனிஃபார்ம் ஆர்டர் வந்துவிட்டது. துணி எடுக்கப் பணமில்லை, ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷினும் இல்லை. கொடுத்தவரிடம் கேட்டார். அக்டோபர் 5ஆம் தேதி கொடுத்தவர் தன் பேங்க் கணக்கிலிருந்து 60,000 ரூபாய் அனுப்பினார். ஐந்து நாள் கழித்து, திருப்பூரில் 22,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கி வைத்திருந்த ஜூக்கி ஓவர்லாக்கை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். 18ஆம் தேதி பட்டன், நூல் வாங்க என்று கையில் 15,000 ரூபாய் ரொக்கம். எழுத்து ஒன்றும் இல்லை. வட்டிப் பேச்சும் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்குக் கைமாத்து என்று பெயர். மெஷினுக்கு இரவல்.

2023 பிப்ரவரியில் வாங்கியவர் ஜிபேயில் 20,000 ரூபாய் அனுப்பினார். குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடம் பின்னால் பெரிய தலைவலியானது.

சண்டை எங்கே தொடங்கியது

2024 மார்ச் மாதம் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் கொடுத்தவர், "ஏம்புள்ள, மெஷின எப்பக் கொண்டாந்து விடுவ?" என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் முன்னால் கேட்டதில் வாங்கியவருக்கு அவமானமாகிவிட்டது. "எந்த மெஷினுங்கக்கா? அதத்தான் இருவதாயிரத்துக்கு எனக்கு வித்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் இருந்த ஓரகத்திக்கு இரண்டு பக்கமும் ஏச்சு.

வாங்கியவர் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றத் திட்டம் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. முதல் வருடம் ஆர்டர் வந்தது, அடுத்த வருடம் ஒரு பள்ளி ரெடிமேடுக்கு மாறிவிட்டது, சீட்டுப் பணம் கட்ட முடியாமல் கஷ்டப்பட்டார். கொடுக்க முடியாதவர் வாய்க்கு வந்த ஒரு காரணத்தைச் சொன்னார், சொன்னதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொடுத்தவர் அடுத்துச் செய்தது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. முதலில் தமிழ்நாட்டுப் பக்கம், அங்கே 'ஆள் கேரளாவில் இருக்காங்க, அங்க போங்க' என்றார்கள். பிறகு கேரளப் பக்கம். அங்கே இருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டு, இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று மாதம் போயிற்று. போனது நாட்கள் மட்டும் இல்லை. புகாரில் கொடுத்தவர் 'எனது ஓவர்லாக் மெஷினை அவருக்குக் கொடுத்தேன்' என்று எழுதியிருந்தார். இரவலாகக் கொடுத்தேன் என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல் விட்டுப்போனதை எதிர்ப்பக்கம் பிறகு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

என்னிடம் வந்தபோது இருந்தது என்ன

2024 ஜூன் கடைசியில் ஓரகத்தியின் கணவர் கொடுத்தவரை என்னிடம் கூட்டி வந்தார். கொடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "சார், சின்னத் தொகைக்குத் தனியா ஒரு கோர்ட் இருக்குதாமே, வக்கீல் இல்லாம நாமே போய்ப் பேசலாமாமே?" மகள் யூடியூபில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அது வெளிநாட்டு ஏற்பாடு. நம் நாட்டில் 1887ஆம் வருடத்து ஸ்மால் காஸ் கோர்ட் சட்டம் ஒன்று உண்டு, சென்னையில் 1882ஆம் வருடத்துச் சட்டத்தின்படி சிறு வழக்கு நீதிமன்றமே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி விஷயத்துக்குச் சாதாரண முன்சீப் கோர்ட்டுதான். கன்ஸ்யூமர் கோர்ட்டும் ஆகாது, ஒருவர் கடைக்காரராகவோ சேவை தருகிறவராகவோ இருந்தால்தான் அங்கே போக முடியும், உறவுக்குள் கைமாத்துக்கு இடமில்லை. ஆனால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு மனு கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. யூடியூபில் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான் என்று சொன்னேன்.

பிறகு கையில் இருப்பதையெல்லாம் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னேன். 60,000 போன பேங்க் பாஸ்புக் வரி இருந்தது. 20,000 வந்த ஜிபே ரசீது. திருப்பூர் கடையில் மெஷின் வாங்கின பில், அதில் மெஷினின் எண் எழுதியிருந்தது, பாதி பேர் இதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், இவர் நூல் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார். 15,000 ரொக்கத்துக்கு அவருடைய அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதிய ஒரு வரி மட்டும்.

"அவ வாட்ஸப்புல பேசி அனுப்பினது ஒண்ணு இருந்துது சார், மெஷினக் கொண்டாந்து தர்றேன்னு. அந்த போன் டிஸ்ப்ளே போயிருச்சு" என்றார். எப்போது வந்தது என்றேன். போன வருடம் ஓணத்துக்கு முன்னால் என்றார். அதாவது 2023 ஆகஸ்ட், 20,000 கொடுத்து ஆறு மாதம் கழித்து. பிப்ரவரியில் மெஷினை விலைக்கு வாங்கியவர் ஆகஸ்டில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? உடனே போய் டிஸ்ப்ளே மாற்றுங்கள் என்றேன். மகள் போனுக்கு ஏற்கெனவே ஃபார்வர்ட் செய்த பிரதி இருக்கிறதே, அதற்கு ஏன் செலவு என்றார்கள். ஃபார்வர்ட் செய்ததில் யார் அனுப்பியது, எந்தத் தேதி என்பது தெரியாது, மூல போனில் இருப்பதுதான் பேசும். பொள்ளாச்சியில் 1,400 ரூபாய் கொடுத்து டிஸ்ப்ளே மாற்றினார்கள். இந்த வழக்கில் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான்.

இரண்டு கணக்கு, இரண்டு கெடு

இனி வருவதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கொடுத்தவர் மனதில் மெஷினும் பணமும் ஒரே அநியாயம், ஒரே தொகை. "எல்லாஞ் சேத்தி ஒரு லட்சத்துக்குக் கிட்ட" என்றுதான் சொல்வார். வாங்கியவர் பக்கமும் இரண்டையும் கலந்துதான் பேசியது, ஏனென்றால் கலந்தால்தான் அந்த 20,000 மெஷின் விலையாக மாற முடியும். சட்ட உதவியில் ஒதுக்கப்பட்ட வக்கீலம்மா முதல் நாளே ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார். பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அதனால் வக்கீல் கட்டணம் பிரச்சினையாகவில்லை.

இடது பக்கம் பணம். கடனாகத் தந்த பணத்துக்கு, தந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 60,000 தந்தது 2021 அக்டோபர் 5. அப்படியானால் கெடு 2024 அக்டோபர் 5. அவர் என்னிடம் வந்தபோது மூன்று மாதம் சொச்சம்தான் மிச்சம். நடுவில் 20,000 வந்ததே, அதிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்காதா என்று நானே கேட்டேன். கட்டியவர் கையெழுத்தோடு அல்லது அவர் கைப்பட எழுதி இருந்தால்தான் அது நிற்கும், இங்கே குறிப்பே இல்லை, அவர் அதைக் கடனுக்குக் கட்டியதாகவே ஒப்புக்கொள்ளவில்லை, அதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றார்.

வலது பக்கம் மெஷின். நம்பி ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்துதான் அதன் மூன்று வருடம் ஓடத் தொடங்கும் என்றார். மறுத்தது 2024 மார்ச், காதுகுத்து அன்று. அதற்கு அவசரமே இல்லை. அவசரம் இல்லாத கணக்கைப் பற்றித்தான் குடும்பமே கொதித்துக்கொண்டிருந்தது, அவசரமான கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

கேட்கும் விதமும் வேறு. பணம் என்றால் தொகை. மெஷின் என்றால் அந்த மெஷினேதான் வேண்டும், கிடைக்காமல் போனால் அதன் மதிப்பு இவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தீர்ப்பும் அப்படித்தான் வரும். வெறும் மதிப்பை மட்டும் கேட்டிருந்தால், மெஷினை விற்றுவிட்டதாகத்தானே நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று அவர்கள் சொல்ல வழியாகியிருக்கும்.

எந்த ஊர் கோர்ட்

பணம் அனுப்பியது தமிழ்நாட்டிலிருந்து, அதனால் பொள்ளாச்சியிலேயே போடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கோர்ட் கட்டணமும் குறைவு, தமிழ்நாட்டில் 2017இலிருந்து நூற்றுக்கு மூன்று ரூபாய்தான். கேரளத்தில் தொகை ஏற ஏற விகிதமும் ஏறும், எங்கள் கணக்குக்கு மொத்தம் ஆறாயிரம் பக்கம் வந்தது, முதலில் அதில் ஒரு பகுதிதான் கட்ட வேண்டும் என்றாலும். மொழியும் பொள்ளாச்சியில் சுலபம்.

இருந்தும் சித்தூரில் போட முடிவு செய்தோம். ஆளும் மெஷினும் கேரளத்தில் இருக்கிறார்கள். பொள்ளாச்சியில் ஜெயித்தால் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மறுபடியும் இங்கே அனுப்பி, இங்கே ஒரு மனுப் போட்டு, இங்கேதான் அலைய வேண்டும். தீர்ப்பு வாங்குவதைவிட அதை நிறைவேற்றுவதுதான் சிவில் வழக்கில் ஆளை உருக்குகிறது என்பது கோர்ட் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறவருக்கும் தெரியும். தவிர, மெஷின் எங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்பச் சொல்வதும் இங்கேதான் எளிது.

நோட்டீசும் பதிலும்

ஜூலை முதல் வாரம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் போயிற்று. வட்டி எதுவும் பேசாததால் வட்டி கேட்கவில்லை, நோட்டீஸ் தேதியிலிருந்து மட்டும் ஆறு சதவீதம். கொடுத்தவரின் கணவர் "ரெண்டு வட்டி போட்டுக் கேளுங்க" என்று கோபப்பட்டார். பேசாத வட்டியைக் கேட்டால் எதிர்ப்பக்கம் 'இவர் லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவர்' என்று ஆரம்பிக்கும், கேரளத்தில் அதற்கு 1958இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. உண்மையிலேயே வட்டிக்கு விடாதவர் ஏன் அந்தப் பழியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும்?

பதில் நோட்டீஸ் மலையாளத்தில் வந்தது. மெஷினை 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார், கொடுத்தவரே போலீஸ் புகாரில் 'கொடுத்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறார் என்றது. 60,000 கடன் இல்லை, இருவரும் கூட்டாகச் செய்த யூனிஃபார்ம் தொழிலில் அவர் போட்ட பங்கு, தொழிலில் நட்டம் என்றது. 15,000 பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கொடுத்தவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதுவிட்டார். வக்கீலம்மா மட்டும் சந்தோஷப்பட்டார். 60,000 வந்ததை அவர்களே எழுத்தில் சொல்லிவிட்டார்கள், இனி நாம் அது கடன் என்று மட்டும் காட்டினால் போதும் என்றார். கடன் பாக்கி உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளாததால் கெடு மட்டும் நீளாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஜூலை நடுவில் தாலுகா குழுவில் மனுக் கொடுத்தோம். ஆகஸ்டில் இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதல் முறை வாங்கியவர் வரவில்லை, இரண்டாம் முறை வந்து, பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதாலத்தில், அதாவது பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், மனு கிடக்கிறது, கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். மனு கிடந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். செப்டம்பர் 15 திருவோணம், அதையொட்டி கோர்ட் விடுமுறை, திறந்தால் மாதக் கடைசி. கடைசி வாரத்தில் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது? அதனால் சமாதானத்துக்குக் காத்திருக்காமல் ஓணத்துக்கு முந்தின வாரமே முன்சீப் கோர்ட்டில் வழக்கைப் போட்டோம்.

வழக்கில் கேட்டது: 60,000 மற்றும் 15,000, அதில் வந்த 20,000 போக 55,000 ரூபாய். தனியாக, இன்ன எண்ணுள்ள ஓவர்லாக் மெஷின், இல்லையென்றால் 22,000. வாட்ஸப் குரலை எழுத்தாக்கி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, மின்னணுச் சான்றுக்கு வேண்டிய சான்றிதழோடு வைத்தோம். 2024 ஜூலை 1இலிருந்து சாட்சியச் சட்டம் மாறிவிட்டதால் பழைய 65பி இல்லை, புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. பழைய படிவத்தையே அச்சடித்துக்கொண்டு வந்து திரும்பிப் போனவர்களை அந்த மாதங்களில் நிறையப் பார்த்தேன்.

15,000 ரொக்கத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால் மற்றதும் சந்தேகமாகும் என்பது என் கருத்து. உண்மையிலேயே தந்ததை நானே ஏன் விட வேண்டும் என்பது கொடுத்தவர் கருத்து. அவர் பணம், அவர் வழக்கு, சேர்த்தோம்.

தகட்டில் இருந்த எண்

நவம்பரில் ஒரு பயம் வந்தது. மெஷினை விற்கப் பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கோர்ட்டில் மனுப் போட்டு, ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து மெஷினைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னோம். கமிஷனர் இரு தரப்புக்கும் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை போனார். கொடுத்தவரோடு நானும் போனேன்.

துலாம் மாத மழை விட்டு வெயில் அடித்த நாள். வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட், மூன்று மெஷின்கள், மூலையில் பழைய பெட்ஷீட் போர்த்தி ஓவர்லாக். மெஷின் தலையின் பக்கவாட்டில் சின்னத் தகடு, எண்ணெயும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்து எண்ணே தெரியவில்லை. கமிஷனர் கைக்குட்டையால் துடைத்தார், மினுமினுப்புதான் வந்தது. கொடுத்தவர், "நான் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு, இரண்டு வக்கீல்களும் சரி என்றதும், பக்கத்து மேஜையில் கிடந்த, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்தார். படுக்கைவசமாகத் தகட்டின்மேல் நாலு தடவை தேய்த்தார். பிறகு பெருவிரலால் மேலோடு ஒரு முறை வழித்தார். மேலே இருந்த மாவு போய், பள்ளத்தில் நின்ற மாவு மட்டும் வெள்ளை வெள்ளையாய் எண்ணாக எழும்பியது. வெளிச்சம் போதவில்லை என்று கமிஷனர் சொன்னபோது, போனில் டார்ச் போட்டுப் பிடித்தவர் வாங்கியவர்தான். யாரும் கேட்கவில்லை, அவராகவே பிடித்தார். கமிஷனர் ஒவ்வோர் எண்ணாகப் படிக்க, திருப்பூர் பில்லில் நான் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பொருந்தியது.

வெளியே வரும்போது வாங்கியவர் கொடுத்தவரிடம், எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "டீ குடிச்சுட்டுப் போங்கக்கா" என்றார். கொடுத்தவர் நிற்கவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது, "லூப்பர் போயிருக்குது, சத்தத்துலயே தெரியுது. எண்ணெயே விடல" என்று மட்டும் சொன்னார்.

முடிவு

கமிஷன் அறிக்கையும் அந்தக் குரலும் கோர்ட்டில் வந்தபிறகு விற்பனைக் கதை நிற்கவில்லை. 'ஓணம் ஆர்டர முடிச்சுட்டு மெஷினக் கொண்டாந்து உட்டர்றனுங்கக்கா' என்று அவர் குரலிலேயே தேதியோடு இருந்தது. கோர்ட் இருவரையும் லோக் அதாலத்துக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு கணக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்ததால் பேச்சும் தனித்தனியாக நடந்தது, மெஷின் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினைந்து நாளில் திருப்பித் தருவது.

பணத்தில்தான் இழுபறி. 20,000 கடனுக்கு வந்தது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 15,000 ரொக்கம் வாங்கவே இல்லை என்றார்கள், கொடுத்தவரிடம் அளவு நோட்டைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் 42,000 என்று முடிந்தது, ஏப்ரலிலிருந்து மாதம் 7,000 வீதம் ஆறு தவணை, எல்லாம் பேங்க் வழியாக, இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் 55,000 முழுவதும் வட்டியோடு. ஆக 13,000 போயிற்று. வழக்கை நடத்தியிருந்தால் 40,000 உறுதியாகக் கிடைத்திருக்கும், 15,000 சந்தேகம்தான், அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகியிருக்கும் என்பது வக்கீலம்மாவின் கணக்கு. கொடுத்தவருக்கு அந்த 13,000 இன்னமும் வலிக்கிறது. "நான் பொய்யாச் சொல்லியிருந்தாத்தான வலிக்கக் கூடாது" என்றார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். அது வந்தது, வர நாளானது.

மெஷின் பன்னிரண்டாம் நாள் வந்தது. லூப்பர் உடைந்து, பெல்ட் நைந்திருந்தது, 1,800 ரூபாய் செலவு. மூன்று தவணை ஒழுங்காக வந்தது. ஜூலை வரவில்லை, ஆகஸ்டும் வரவில்லை. 55,000 முழுவதையும் கேட்டு நிறைவேற்று மனுப் போடலாம், அதாலத் முடிவே தீர்ப்பு என்பதால் புது வழக்கு வேண்டாம். மனு தயாராகிவிட்டது. போடுவதற்கு முன் ஒரு தடவை நான் போன் செய்து, திங்கட்கிழமை தாக்கல் ஆகிறது என்று சொன்னேன். வெள்ளிக்கிழமையே 14,000 வந்துவிட்டது. மனுவைப் போடாமல் விட்டது கொடுத்தவரின் முடிவு. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வேறு மாதிரி செய்திருக்க வேண்டியவை

மூன்று மாதம் ஸ்டேஷன் அலைந்தது வீண், அந்தப் புகாரும் எதிராகவே திரும்பியது. போகவே கூடாது என்று சொல்லவில்லை, மிரட்டல் அடிதடி என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் எழுதும்போது 'இரவலாக, திருப்பித் தருவதாகச் சொன்னதன் பேரில்' என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் அந்தச் சொல்லைத்தான் பார்க்கிறேன்.

15,000 தந்த அன்று ஒரு புரோநோட்டு எழுதியிருந்தால் 13,000 போயிருக்காது. அதிலும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சான்றாகவே எடுத்துக்கொள்ளாது, பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. ஒரு ரூபாய் ஸ்டாம்பு. உறவுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அன்றைக்கே ஒரு வாட்ஸப் செய்தி போடுங்கள், 'கண்ணு, இன்னைக்கு 15,000 குடுத்தேன், மெஷின் இரவலா இருக்குது, எண் இது' என்று, அவர் 'சரிங்கக்கா' என்று போட்டால் அதுவாவது இருக்கும். புரோநோட்டுக்கு ஈடாகாது, ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

என் பக்கத்துத் தவறு ஒன்று. தாலுகா குழுவில் கொடுத்த முதல் மனுவில் நானே இரண்டு கணக்கையும் சேர்த்து 'மொத்தம் 77,000' என்று எழுதிவிட்டேன். வாங்கியவர் வந்த அந்த இரண்டாம் அமர்வில் எதிர்ப்பக்கம் அந்த மொத்தத்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து 20,000 கழி, நட்டம் கழி என்று பேரம் பேச ஆரம்பித்தது. அதில் 20,000 ஏற்கெனவே கழிந்துதான் இருந்தது. பிரித்து எழுதியிருந்தால் ஆகஸ்டிலேயே மெஷினாவது வந்திருக்கலாம். இப்போது தாளின் நடுவில் கோடு போட்டுவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன்.

கடைசித் தவணை 2025 அக்டோபர் முதல் வாரம், ஒரு வாரம் தாமதமாக வந்தது. கொடுத்தவர் ஜிபே திரையை எனக்கு அனுப்பியிருந்தார். 7,000 ரூபாய்க்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் வாங்கியவர் எழுதியிருந்தார்: 'கடைசித் தவணை. கைமாத்துப் பணம். பாக்கி இல்லைங்கக்கா.'